பிடிவாதமா? காது மந்தமா?



சில வாரங்களுக்கு முன் நம் பகுதியில் ஒரு வாசகியின் கடிதம் வந்திருந்தது. அவருடைய இரண்டு வயது மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். ஒரு நேரம் வருவானாம், ஒரு நேரம் காதிலேயே வாங்காமல் விளையாடுவானாம். டிவி முன்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்பானாம். பேச்சும் அவ்வளவாக வரவில்லை, இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தார். பல சகோதரிகள் பதில் எழுதியிருந்தார்கள். செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள், அன்பாகச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகளோடு விளையாட விடுங்கள் என்று. எல்லாமே நல்ல யோசனைதான். ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா?

இதை நான் கேட்பதற்குக் காரணம் என் சின்ன மகன். நான் பத்தாவது வரை படித்தவள். கணவர் பருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாமனார், மாமியாரோடு கூட்டுக் குடும்பம். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவனுக்கு இப்போது நான்கு வயது. அவனுக்கு ஒன்றரை வயதிலிருந்து இரண்டேகால் வயது வரை நாங்கள் பட்ட பாட்டையும், அதில் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதினால் நாலு பேருக்கு உபயோகப்படுமே என்றுதான் இந்தக் கடிதம்.

சின்னவனுக்கு எட்டாவது மாதத்திலிருந்தே சளித் தொந்தரவு. சளி பிடித்த மூன்றாம் நாள் ராத்திரி வீறிட்டு அழுவான். படுக்க வைத்தால் அழுகை கூடும், தோளில் போட்டால் கொஞ்சம் அடங்கும். காதைப் பிடித்து இழுப்பான். ஒரு தடவை காலையில் பார்த்தால் தலையணைத் துணி மஞ்சளாக நனைந்திருந்தது, காதிலிருந்து சீழ். டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்தோம், சரியானது. ஒன்றரை வயதுக்குள் இப்படி நாலைந்து தடவை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வலியும் இல்லை, அழுகையும் இல்லை. 'அப்பாடா, பிள்ளை தேறிட்டான்' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வயதில் 'அம்மா', 'தாத்தா', 'பூ', 'மா' என்று நாலைந்து வார்த்தை சொன்னவன் அதோடு நின்றுவிட்டான். புதிதாக ஒன்றும் சேரவில்லை. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எதிரில் போய் நின்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு வருவான்.

வீட்டில் சொன்னேன். "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். அவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேச ஆரம்பிச்சாரு" என்றார் அத்தை. எதிர்வீட்டு அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார். "காது கேக்கலைன்னு யாரு சொன்னது? இந்தா பாரு" என்று மாமனார் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினான். "பாத்தியா, நல்லாத்தான் கேக்குது. எல்லாம் கொழுப்பு!" என்று சிரித்தார்கள். ஒரு நாள் என் கணவர் தெருவாசலில் நின்ற பிள்ளையை மூன்று தடவை கூப்பிட்டு, அவன் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்து நடக்கவும், ஓடிப்போய்த் தூக்கி வந்து முதுகில் ஒன்று வைத்துவிட்டார். எதற்கு அடி வாங்கினோம் என்றே தெரியாமல் அது விழித்த விழியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், காதைக் காட்டாமல் விடுவதில்லை என்று.

முதலில் பார்த்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சீழ் இல்லம்மா, வலியும் இல்லை, தானா பேசுவான், போங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். அங்கேதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

<b>காதுக்குள் என்ன நடக்கிறது?</b>

காது ஜவ்வுக்குத் தமிழில் செவிப்பறை என்று எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! பறைதான் அது. சத்தம் வந்து அதில் மோதும்போது அது அதிர்கிறது. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு அறை. அதில் காற்றுதான் இருக்க வேண்டும். அந்த அறைக்குள் மூன்று குட்டி எலும்புகள் அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. பள்ளிக்கூடத்தில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று படித்திருப்போமே, அவைதான்.

அந்த அறைக்கும் மூக்கின் பின்பக்கத்துக்கும் இடையில் மெல்லிய குழாய் ஒன்று போகிறது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். பெரியவர்களுக்கு அந்தக் குழாய் நீளமாகவும் சரிவாகவும் இருக்கும். சின்னக் குழந்தைக்கோ அது குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவசத்தில் இருக்கும். அதனால் சளி பிடித்தால் சுலபமாக வீங்கி அடைத்துக்கொள்கிறது. மூக்கில் இருக்கும் கிருமியும் காதுக்குப் போய்விடுகிறது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை பிள்ளைகளுக்கு ஓயாமல் காது வலி வருவதற்கு இதுதான் காரணம். வளர வளரக் குழாயும் நீண்டு சரிவாகிவிடும், தொல்லையும் குறையும்.

குழாய் அடைபட்டால் காற்று உள்ளே போகாது. காற்று இருக்க வேண்டிய அறையில் நீர் கோத்துக்கொள்ளும். நாளாக ஆக அது கோந்து மாதிரி கெட்டியாகவும் ஆகலாம். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது, சீழ் வடியாது. வெளியிலிருந்து பார்த்தால் காது நன்றாகவே இருக்கும். "தவிலுக்குள்ள தண்ணியை ஊத்திட்டு வாசிச்சா எப்படிம்மா கேக்கும்? அப்படித்தான் உன் பையனுக்கு எல்லாம் கேக்குது" என்றார் அந்த டாக்டரம்மா. எனக்குச் சட்டென்று விளங்கியது.

அதனால்தான் தட்டு விழுந்தால் திரும்பினான். இது முழுச் செவிடு கிடையாது. சத்தம் பெரிதாக இருந்தால் கேட்கும். சாதாரணப் பேச்சு தூரத்திலிருந்து முணுமுணுப்பாக விழும். அதிலும் ச, த, ப, க போன்ற மெல்லிய ஒலிகள் பாதி காணாமல் போகும். நம் தமிழில் வந்தானா, வந்தாளா, வரலையா என்பதெல்லாம் வார்த்தையின் வாலில்தானே இருக்கிறது! அந்த வால்தான் நாம் பேசும்போது தேய்ந்து ஒலிக்கிறது. பேசக் கற்றுக்கொள்கிற வயதில் பிள்ளைக்கு அது கேட்காவிட்டால் எதைப் பார்த்துப் பேசும்? என் மகன் சாதத்தை 'ஆதம்' என்றும் தண்ணியை 'அண்ணி' என்றும் சொன்னதை மழலை என்று எல்லோரும் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயம். இந்த நீர் ஒரே அளவில் இருப்பதில்லை. சளி பிடித்தால் கூடும், வெயில் காலத்தில் குறையலாம். இன்றைக்குக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. வீட்டில் இருப்பவர்கள் 'நேத்து கேட்டுச்சே, இன்னிக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போகும்? வேணும்னே பண்றான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளை மேல் பிடிவாதக்காரன் என்ற பட்டம் விழுவது இப்படித்தான்.

<b>தலைக்கு ஊற்றியதாலா?</b>

காதில் நீர் கோத்திருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னதுதான் தாமதம், "நான் அப்பவே சொன்னேன், தலைக்கு ஊத்தாதேன்னு! நீ வாரத்துக்கு ரெண்டு நாள் ஊத்தினதுதான் காதுக்குள்ள நிக்குது" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்தாலும் இதே பேச்சு. பிள்ளைக்கு ஒன்று என்றால் தாய் தலையில்தானே முதலில் பழி விழுகிறது!

அடுத்த தடவை போகும்போது அத்தையையும் கையோடு கூட்டிப் போனேன். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். "இங்க பாருங்க பாட்டி, ஜவ்வுல ஓட்டை இல்லாதப்போ வெளியில ஊத்துற தண்ணி அதைத் தாண்டி உள்ளே போகவே போகாது. இது உள்ளேயே ஊறுன நீர். சளியால வந்தது. உங்க மருமக குளிப்பாட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். அத்தை ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது, "அப்ப நான் காய்ச்சின எண்ணெய் விட்டேனே, அது உள்ளே போயிருக்காதா?" என்று மட்டும் கேட்டார். பாவம், பேரன் மேல் உயிரையே வைத்திருப்பவர். வீட்டில் ஒரு வார்த்தையை நம்ப மறுப்பவர்கள் இருந்தால், தயவுசெய்து அவர்களையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாம் பத்துத் தடவை சொல்வதை அங்கே ஒரு தடவையில் ஒப்புக்கொள்வார்கள்.

<b>பரிசோதனையும் வைத்தியமும்</b>

காதுக்குள் ரப்பர் முனை ஒன்றை மெதுவாக வைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, வலிக்காது. செவிப்பறை நன்றாக அசைந்தால் காகிதத்தில் மலை உச்சி மாதிரி கோடு விழும். உள்ளே நீர் இருந்தால் கோடு தட்டையாகப் போகும். என் மகனுக்கு இரண்டு காதிலும் தட்டைக் கோடு. அப்புறம் சத்தம் போகாத அறையில் வைத்து, எவ்வளவு மெல்லிய ஒலி வரை திரும்புகிறான் என்று பார்த்தார்கள்.

உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படிச் சொல்லவில்லை. முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு இந்த நீர் தானாகவே வற்றிவிடுமாம். அதனால் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதுதான் முறை என்றார்கள். சளி மருந்தோ, ஆன்டிபயாடிக் மருந்தோ இந்த நீரை வற்ற வைக்காது, வீணாக வாங்கிக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். வலியும் காய்ச்சலுமாக வரும் காதுப் புண் வேறு, இது வேறு. அதற்கு மருந்து தேவையா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

ஆனால் பொறுத்துப் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. அந்த மூன்று மாதமும் பிள்ளையோடு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

அடுப்படியிலிருந்து கத்தக் கூடாது. பக்கத்தில் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். பேசும்போது டிவியை அணைத்துவிட வேண்டும், மிக்ஸி ஓடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். சின்னச் சின்ன வாக்கியமாக, தெளிவாக, அவசரப்படாமல் பேச வேண்டும். அவன் 'ஆதம்' என்றால் கேலி செய்யவும் கூடாது, 'ஒழுங்காச் சொல்லு' என்று அதட்டவும் கூடாது. 'ஆமா, சாதம். சூடா சாதம்' என்று நாம் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். மூத்தவள்தான் இதில் கெட்டிக்காரி. தம்பி கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டு பேசுவாள். ஒரு மாதத்தில் அவனுடைய அழுகையும் அடமும் பாதியாகக் குறைந்துவிட்டது. காது மாறவில்லை, நாங்கள் பேசும் விதம்தான் மாறியது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் கோடு தட்டையாகவே இருந்தது. மூக்கின் பின்னால் இருக்கும் சதையும் வளர்ந்திருந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவதும் குறட்டையும் அதனால்தானாம். சதையை எடுத்துவிட்டு, செவிப்பறையில் சின்னதாகத் துளை போட்டு, நீரை உறிஞ்சி, கடுகளவு குழாய் ஒன்றை வைப்போம் என்றார்கள். அந்தக் குழாய் வழியாக அறைக்குள் காற்று போகும், நீர் சேராது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் அது தானாகவே விழுந்துவிடும், துளையும் மூடிக்கொள்ளும்.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டேகால் வயதுப் பிள்ளை! மாமனார் வேண்டவே வேண்டாம் என்றார். என் கணவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் டாக்டரம்மாவிடமே போய், "செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "உயிருக்கு ஒண்ணும் ஆகாது. சில பிள்ளைக்கு இன்னும் ஆறு மாசம், ஒரு வருஷத்துல தானா சரியாகும். ஆனா பேச்சு வர்ற வயசு காத்துக்கிட்டு இருக்காதும்மா. உன் பையனுக்கு ரெண்டு காதுலயும் இருக்கு, பேச்சும் நின்னு போச்சு. அதனாலதான் சொல்றேன்" என்றார். ஒளிக்காமல் சொன்னதால் நம்பிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டோம். அரை மணி, முக்கால் மணியில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். செலவு என்று பார்த்தால் பஸ் காசும் சாப்பாடும்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று சுவரைப் பார்த்து விரலை நீட்டி, "ம்மா, அது?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் சத்தம் வந்தது. பல்லி! பல்லி கத்துகிற சத்தத்தை அன்றைக்குத்தான் அவன் கவனித்திருக்கிறான். "நல்ல சகுனம்" என்று அத்தை தரையில் விரலால் தட்டினார். பேச்சுப் பயிற்சிக்கும் ஐந்து மாதம் கூட்டிப் போனோம். இன்றைக்கு எதிர்க்கேள்வி கேட்டு வாயை மூடவிடாமல் படுத்துகிறான்!

<b>எதைச் செய்யக் கூடாது?</b>

காது வலி என்றதும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், வெங்காயச் சாறு என்று விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஜவ்வில் ஓட்டை இருந்தால் அதெல்லாம் நேராக உள்ளே போய்ப் புண்ணை அதிகமாக்கும். சூடு கூடினால் தோல் வெந்துவிடும். குளிப்பாட்டியதும் காதில் வாயை வைத்து ஊதுவதும் வேண்டாம். ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு, பஞ்சு சுற்றிய குச்சி எதையும் காதுக்குள் விடாதீர்கள். குறும்பி அழுக்கு இல்லை, காதுக்குக் காவல். தானாகவே வெளியே வந்துவிடும். குச்சியை விட்டால் அது உள்ளேதான் தள்ளும். பிள்ளை காதில் பாசிமணி, பயறு எதையாவது போட்டுக்கொண்டாலும் வீட்டில் நோண்டாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

சீழ் வடிந்தால் வெளியில் வருவதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், காதை அடைத்து வைக்காதீர்கள். நாற்றத்தோடு வாரக்கணக்கில் வடிந்தால் 'பல்லு முளைக்குது, அதான்' என்று விட்டுவிடக் கூடாது. சில வகைச் சீழ் எலும்பையே அரிக்கும். காதுக்குப் பின்னால் வீங்கி, மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சளியை அடியோடு தடுக்க முடியாது. ஆனால் காது வரை போவதைக் குறைக்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது பெரிய பாதுகாப்பு. புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால், மல்லாக்கப் படுக்க வைத்து வாயில் புட்டியைச் சொருகாமல், மடியில் வைத்துத் தலையை உயர்த்திக் கொடுங்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் பீடி, சிகரெட் புகை ஆகவே ஆகாது. எங்கள் மாமனார் இப்போது பீடியைத் தெருமுனைக்குக் கொண்டு போய்விட்டார். சாம்பிராணிப் புகையையும் பிள்ளை முகத்துக்கு நேராகக் காட்டாதீர்கள், அதுவும் புகைதானே. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நிமோகோக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என மூன்று ஊசி. காதைக் கெடுக்கும் கிருமிகளில் ஒன்றையும் அது தடுக்கிறது.

<b>எப்போது சந்தேகப்பட வேண்டும்?</b>

பிறந்த குழந்தை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதில் ஒன்றிரண்டு வார்த்தையும், தன் பெயருக்குத் திரும்புவதும் இருக்க வேண்டும். இரண்டு வயதில் 'பால் வேணும்', 'அப்பா வா' என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்தான். ஆனால் வந்த பேச்சு நின்றுபோனால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் பார்ப்பதென்றால் தட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள், கையைத் தட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிழல்கூடத் தெரியாமல் பின்னால் நின்று, சாதாரணக் குரலிலும் அப்புறம் மெல்லிய குரலிலும் கூப்பிட்டுப் பாருங்கள். மிட்டாய்க் காகிதத்தைச் சரசரவென்று கசக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பரிசோதனைதான் சரியான வழி. வீட்டில் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்காது.

என் மகனுக்கு இருந்தது சரிசெய்யக் கூடிய குறை. பிறவியிலேயே நரம்புக் குறையோடு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டிய வீடுகளில், குறை மாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாக வந்த பிள்ளைகளுக்கு, மூளைக்காய்ச்சல் வந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அவர்களுக்கு நாள் இன்னும் முக்கியம். ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் வைத்தியம் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் சொல்லும் கணக்கு. குழந்தை தூங்கும்போதே செய்யும் பரிசோதனைகள் இருக்கின்றன. குழந்தை கை தூக்கவோ பதில் சொல்லவோ வேண்டியதில்லை.

காசு இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிகளுக்கு வருடம் இரண்டு தடவை வருகிறது. அன்றைக்குப் பிள்ளையை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள், காதைப் பற்றி நீங்களே வாய் திறந்து கேளுங்கள். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். காது கேட்கும் கருவியாலும் பயன் இல்லாத சின்னக் குழந்தைகளுக்கு, உள்காதில் கருவி பொருத்தும் லட்சக்கணக்கான ரூபாய் ஆபரேஷன்கூட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. ஆறு வயதுக்குள் என்று வரம்பு உண்டு. அதனால்தான் சீக்கிரம், சீக்கிரம் என்கிறேன்.

கடைசியாக ஒன்று. 'என் பிள்ளைக்குக் காது கேட்கலையோ' என்று ஒரு தாய் சந்தேகமாகச் சொன்னால், 'அபசகுனமாப் பேசாதே' என்று வாயை அடைக்காதீர்கள். ராத்திரி பகல் கூட இருப்பவள் அவள்தான். சோதித்துப் பார்த்துக் காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நாள் பஸ் செலவுதான் நஷ்டம். கேட்கவில்லை என்று தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு அநியாயமாக விழ இருந்த அடியாவது மிச்சமாகும். எழுதியிருந்த அந்தச் சகோதரியும் முதலில் மகன் காதைக் காட்டட்டும். என்ன சொன்னார்கள் என்று நம் பகுதிக்கு ஒரு வரி எழுதினால் நாங்கள் எல்லோரும் சந்தோஷப்படுவோம்.

- இரண்டு குழந்தைகளின் தாய், விருதுநகர்